சும்மா ஆடுகிறவர்கள்

பாண்டாக் கரடி முகம் கொண்ட அந்தக் கதாபாத்திரத்தின் பெயர் டபுள்ஏஜென்ட். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில், பிரமாண்டமான ஆமை ஒன்றின் முதுகில் அமைந்திருக்கும் தீவில் பிறந்தது. அந்தத் தீவில் பிறக்கிற எல்லாருக்கும் ஒரே விதிதான். கொஞ்ச நேரம் பயிற்சி எடுக்கலாம். பிறகு அலையன்ஸ், ஹோர்டு என்ற இரண்டு பகைப் படைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். டிராகன்கள், பாதாளக் கோட்டைகள், போர்க்களங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டபுள்ஏஜென்ட்டை இயக்கியவர் எந்தப் படையிலும் சேரவில்லை. ஆமையின் முதுகிலேயே தங்கிவிட்டார். மூலிகை பறித்தார், தாது வெட்டினார். ஒவ்வொரு செடிக்கும் துளியூண்டு அனுபவப் புள்ளி விழும். அந்தத் துளிகளைச் சேர்த்தே, 2014-ல் அன்றைக்கு உச்சமாக இருந்த 90-வது லெவலைத் தொட்டார். விளையாட்டை நடத்தும் பிளிஸ்ஸார்டு நிறுவனம் உச்சத்தை 100, 110, 120 என்று உயர்த்திக்கொண்டே போனது. இவரும் பறித்துக்கொண்டே போனார்.

அந்த ஆட்டத்தில் முன்னேற இதைவிட மோசமான வழி கிடையாது. ஒழுங்காகப் படையில் சேர்ந்து சண்டைக்குப் போயிருந்தால் மிகச் சில வாரங்களில் முடிகிற சமாசாரம். அப்படி முடித்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் யாரையும் பற்றி யாரும் எழுதவில்லை. பூப்பறித்தவரைத் தேடித்தான் விளையாட்டுப் பத்திரிகைகள் வந்தன.

இன்றைக்கு ஒரு வீடியோ கேம் வெளியாகி இரண்டு நாள் ஆவதற்குள் அதன் ரகசியங்கள் அத்தனையும் யூடியூபில் வந்துவிடுகின்றன. எந்தத் துப்பாக்கி சிறந்தது, முதல் பத்து நிமிடத்தில் எங்கே போக வேண்டும், எந்தக் கதாபாத்திரத்தின் மேல் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி ஊர்கூடி ஒப்புக்கொண்ட சிறந்த வழிக்கு ‘மெட்டா’ என்று பெயர். தெரியாமல் ஆடுகிறவன் ‘நூப்’. தெரிந்தும் வேண்டாம் என்று ஆடுகிறவனுக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை. இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

ஒரு மணி நேர நகரம்

தமிழ்நாட்டுக்கு அவன் புதிய ஆள் இல்லை. 2000-களில் நம் ஊர்களில் இருந்த பிரவுசிங் சென்டர்களுக்குப் போனவர்களைக் கேளுங்கள். 2002-ல் வெளியான ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ பெரும்பாலான கணினிகளில் ஏற்றப்பட்டிருக்கும். 1980-களின் மியாமியை நினைவுபடுத்தும் கடற்கரை நகரம். டாமி வெர்செட்டி என்ற ரவுடி, பறிபோன பணத்தையும் சரக்கையும் தேடி அலைந்து, கடைசியில் அந்த நகரத்துக்கே தாதாவாகும் கதை. பல மணி நேரத்துக்கு நீளும் கதை அது. அதற்காக எழுதப்பட்ட பணிகள் ஏராளம்.

அந்தக் கதை எப்படி முடிகிறது என்று பிரவுசிங் சென்டர் தலைமுறையில் பாதிப் பேருக்கு இன்று வரை தெரியாது. தேவைப்படவும் இல்லை. உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற முதல் பைக்கைப் பிடுங்குவார்கள். பிசிஜே-600 கிடைத்துவிட்டால் யோகம். கடற்கரைச் சாலையில் முறுக்கிக்கொண்டு போய், எங்காவது ஒரு சரிவில் ஏற்றிப் பறக்கவிடுவார்கள். ‘பான்சர்’ என்று தட்டினால் ராணுவ டாங்கி ஒன்று முன்னால் வந்து நிற்கும். ‘ஆஸ்பிரின்’ தட்டினால் போன உயிர் திரும்பும். போலீஸ் துரத்தல் கை மீறிப் போனால் ‘லீவ் மீ அலோன்’. ஆங்கிலத் தேர்வில் திணறிய பையன்கள் இந்த எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு தப்பும் விட்டதில்லை. வேறு சிலர் போலீஸ் காரையே திருடிக்கொண்டு, சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்று நின்று ஓட்டிப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு சுகம் இருந்திருக்கிறது!

இதற்குக் கலை ரசனை என்று பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஒருவன் எழுந்ததும் அடுத்தவன் அதே நாற்காலியில் உட்காருவான். விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடரலாம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படியிருக்கும்போது கதையில் முன்னேறி என்ன ஆகப்போகிறது? பணியை விளக்கும் வசனங்களும் வேகமான அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடும். ஆக, காசு தீர்வதற்குள் முடிந்த மட்டும் குஷியாக இருப்பது ஒன்றே ஆட்டம். பக்கத்து நாற்காலியில் ‘ரோடு ராஷ்’ ஆடிக்கொண்டிருப்பவனும் பந்தயத்தில் முதலாவதாக வருவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. பக்கத்தில் வருகிற பைக்காரனிடமிருந்து சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடிப்பதற்குத்தான் அவன் காசு கொடுத்திருக்கிறான்.

வைஸ் சிட்டியை எழுதியவர்கள் இப்படிப்பட்ட ரசிகர்களை எதிர்பார்த்தார்களோ என்னவோ, கதையைக் கண்டுகொள்ளாமல் சுற்றுகிறவனுக்கும் சலிக்காத அளவுக்கு ஒரு நகரத்தைக் கட்டியிருந்தார்கள். வண்டிக்குள் ஏறினால் ரேடியோ பாடும், அதில் விளம்பரம்கூட வரும். அந்த நகரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. கதை வேறு யாருக்கோ கிடைத்தது.

சாறு பிழிகிறவர்கள்

விளையாட்டை உருவாக்குகிறவர்களுக்கு நேர்மாறான தலைவலி ஒன்று உண்டு. ‘சிவிலைசேஷன்’ வரிசையின் நான்காம் பாகத்தை 2005-ல் வடிவமைத்த சோரன் ஜான்சன், பிற்பாடு ஒரு பத்திரிகைப் பத்தியில் அதைச் சொல்லியிருக்கிறார்: வழி கிடைத்தால் போதும், வெற்றிக்கான குறுக்குவழியைத் தேடித் தேடியே ஆட்டக்காரர்கள் ஒரு விளையாட்டிலிருந்து சுவாரஸ்யத்தை ஒட்டப் பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்பது அவர் கருத்து. இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் கருத்து இது.

அவர் அனுபவித்தே சொன்னார். சிவிலைசேஷனில் ஒரு நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளி யுகம் வரை வளர்க்க வேண்டும். எங்கே ஊர் அமைப்பது, எதை முதலில் கண்டுபிடிப்பது, யாரோடு சமாதானம் என்று ஒவ்வொரு முடிவும் யோசிக்கவைக்கும். பழைய பாகங்களில் ஆட்டக்காரர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஊர்களைப் பொறுக்கி அமைக்கவே வேண்டாம், இண்டு இடுக்கு விடாமல் சின்னச் சின்ன ஊர்களாக நெருக்கி அடைத்துக்கொண்டே போனால் ஜெயித்துவிடலாம். ஜெயித்தார்கள். கூடவே, ஆட்டம் அலுப்பாக இருக்கிறது என்றும் புகார் சொன்னார்கள். நான்காம் பாகத்தில் புதிய ஊர் ஒவ்வொன்றும் கஜானாவிலிருந்து பராமரிப்புச் செலவைத் தின்னும்படி வைத்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

‘எக்ஸ்காம்’ கதை இன்னும் வேடிக்கை. 2012-ல் வந்த ஆட்டத்தில் வேற்றுகிரகவாசிகளுடன் சண்டை. பாதுகாப்பான வழி என்னவென்றால், வீரர்களை இரண்டு அடி நகர்த்துவது, பதுங்கவைப்பது, எதிரியே வரட்டும் என்று காத்திருப்பது, மறுபடியும் இரண்டு அடி. உலகத்தையே காப்பாற்றக் கிளம்பிய படை, ரேஷன் கடை வரிசை நகர்கிற வேகத்தில் நகர்ந்தது. ஆகவே 2016-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பல பணிகளுக்குக் கெடு வைத்தார்கள்: இத்தனை சுற்றுக்குள் முடிக்காவிட்டால் தோல்வி. ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்துப்போனது. அந்தக் கெடுவை நீக்குகிற இணைப்பு நிரல்களை ரசிகர்களே எழுதி இறக்கிவிட்டார்கள். அலுப்பாக ஆடுவது எங்கள் உரிமை என்று சொன்ன மாதிரிதான். எனக்கு இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது.

சுலபமான வழியே சுவாரஸ்யத்தைக் கெடுக்கும் இந்த முரண், தத்துவம் படித்தவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பெர்னார்டு சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். எறும்புக்கும் வெட்டுக்கிளிக்குமான ஈசாப் கதையில், குளிர்காலத்துக்குச் சேமிக்காமல் ஆடிப்பாடித் திரிந்த வெட்டுக்கிளிதான் அதில் நாயகன். கோல்ஃப் ஆடுவதன் நோக்கம் பந்தைக் குழிக்குள் போடுவது மட்டும் என்றால், கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாமே என்று கேட்கிறார். நீண்ட குச்சியால் தூரத்திலிருந்து அடிப்பது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த கஷ்டம். அந்தக் கஷ்டத்தை நாமாக ஏற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் விளையாட்டு என்பது அவர் வாதம். 2020-ல் சி. தி. நுயென் என்ற தத்துவவாதி இதை வீடியோ கேம் வரைக்கும் கொண்டுவந்தார். ஜெயிப்பதற்காகப் போராடுகிறவர் ஒரு வகை, போராட்டத்தை அனுபவிப்பதற்காக ஜெயிக்க ஆசைப்படுகிறவர் இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். இரண்டாமவருக்கு வெற்றி ஒரு சாக்கு.

கிராமத்தில் ஒரு அலுவலகம்

இந்த விஷயம் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ‘ஸ்டார்டியூ வேலி’யைத்தான் சொல்வேன்.

2016 பிப்ரவரியில் வெளியான இந்த விவசாய விளையாட்டைச் செய்தவர் ஒரே ஒரு ஆள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன், கணினி அறிவியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தபோது, கைப்பழக்கத்துக்கு என்று ஆரம்பித்தது. நாலரை வருடம் இழுத்துவிட்டது. நிரல், ஓவியம், இசை, வசனம் எல்லாமே அவர் கைவண்ணம். இடையில் ஒரு அரங்கத்தில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துப்போகும் வேலையும் பார்த்தார். இன்று அது 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அவருக்கு ஆதர்சம், 1996-ல் ஜப்பானில் வந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’. அதை உருவாக்கிய யாசுஹிரோ வாடா, கிராமப்புறத்திலிருந்து டோக்கியோவுக்குப் பிழைக்க வந்து ஊர் ஏக்கத்தில் இருந்தவர். சண்டையே இல்லாத ஒரு விளையாட்டைச் செய்ய நினைத்தார்.

ஸ்டார்டியூ வேலியின் ஆரம்பக் காட்சிகளில் ஒன்று இது: ஜோஜா என்ற பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில், வரிசை வரிசையான தடுப்புகளுக்கு நடுவே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேஜை டிராயரில் தாத்தா எழுதி வைத்த கடிதம். இந்த வாழ்க்கை உன்னை நசுக்கும் நாள் வந்தால் பிரித்துப் படி என்று கொடுத்தது. பிரிக்கிறீர்கள். பெலிக்கன் டவுன் என்ற கிராமத்தில் தாத்தாவின் நிலம் காத்திருக்கிறது. ராஜினாமா, பஸ், கிராமம். கையில் கொஞ்சம் காசு, ஊர்த் தலைவர் லூயிஸ் கொடுத்த 15 பார்ஸ்னிப் விதைகள்.

அதற்குப் பிறகு ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எக்ஸெல் திறக்கிறார்கள்.

இந்தக் கிராமத்தில் ஒரு பகல் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள். வசந்தத்தில் 13-ம் தேதி முட்டைத் திருவிழாவில்தான் ஸ்ட்ராபெர்ரி விதை விற்பார்கள். அன்றைக்கு எத்தனை வாங்கினால், அதே இரவில் நட்டு, பருவம் முடிவதற்குள் எத்தனை அறுவடை எடுக்கலாம் என்று கணக்கு. அதற்கான முதலைச் சேர்க்க முதல் 12 நாளும் எப்படி மீன்பிடிக்க வேண்டும் என்று இன்னொரு கணக்கு. இரண்டாம் வருடத்தில் நிலம் முழுக்கத் தானியங்கித் தெளிப்பான்கள் ஓடும். பெரிய கொட்டகைகளில் பீப்பாய்கள் சுவரோடு சுவராக அடுக்கியிருக்கும், எல்லாவற்றிலும் ஒரே பழத்தின் ஒயின். தக்காளியும் பூசணியும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, லாபம் கட்டுப்படியாகாது.

மனிதர்களும் அட்டவணைக்குள் வந்துவிடுகிறார்கள். கிராமத்தில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம். பிடித்ததைக் கொடுத்தால் நட்பு வளரும். ஊருக்கு வடக்கே கூடாரம் போட்டுத் தனியாக வாழும் லைனஸ் என்ற பெரியவர் இருக்கிறார். அவரோடு நின்று பேசி, கையில் இருப்பதையெல்லாம் நீட்டிப் பார்த்து, ஒருநாள் தேங்காய் கொடுக்கும்போது அவர் முகம் மலர்வதைப் பார்ப்பது ஒரு வழி. லைனஸ்: தேங்காய் என்று பட்டியலில் பார்த்து, வாரம் இரண்டு தேங்காயை அவர் கையில் திணித்துவிட்டு, வசனத்தைப் படிக்காமல் பொத்தானை அழுத்தி ஓடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் நட்பு சீக்கிரம் நிரம்பும், சந்தேகமே இல்லை.

அலுவலகத்தை உதறிவிட்டு ஓடிவந்த கதாபாத்திரத்துக்கு, கிராமத்திலேயே மறுபடி ஒரு அலுவலகம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். என் பண்ணையைப் பார்த்தால் இவர்கள் சிரிப்பார்கள். வழியில் வேலி, வேலிக்குள் பூச்செடி, கோழிக்குக் கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி. ராத்திரி இரண்டு மணி வரை குளத்தருகே நின்று மயங்கி விழுந்த நாட்களும் உண்டு.

மூன்றாம் வருடத்தின் முதல் நாளில் தாத்தா ஆவியாக வந்து உங்களை மதிப்பிடுவார். அவர் நினைவிடத்தில் எத்தனை மெழுகுவத்தி எரிகிறது என்பதுதான் மதிப்பெண், அதிகபட்சம் நாலு. இதற்காகவே முதல் இரண்டு வருடத்தையும் சிட்டாகப் பறந்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவசரமே இல்லை. எப்போது வேண்டுமானாலும் அந்த இடத்தில் ஒரு வைரத்தை வைத்தால் தாத்தா மறுபடியும் வந்து பார்ப்பார். எட்டாவது வருடத்தில் வைத்தாலும் வருவார். ஆட்டமும் முடிந்துபோகாது.

இதே கூத்து 2020-லும் நடந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச்சில் நின்டெண்டோவின் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது. ஒரு தீவு, பேசும் மிருகங்கள், வட்டியில்லாமல் வீட்டுக் கடன் கொடுக்கும் டாம் நூக் என்ற ஜீவன். நிஜ உலகின் கடிகாரத்தோடு சேர்ந்தே தீவிலும் நேரம் நகரும். அவசரப்படவே முடியாதபடி செய்த ஆட்டம். அதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டர்னிப் கிழங்கு விற்கும் ஒரு பன்றிக்குட்டி வரும். 90-லிருந்து 110 பெல் வரை விலை. வாரத்துக்குள் விற்றாக வேண்டும், அடுத்த ஞாயிறு வந்தால் அழுகிவிடும். ஏதாவது ஒரு தீவில் விலை 600 பெல்லைத் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தால் போதும், முன்பின் தெரியாத ஆட்கள் அந்தத் தீவின் விமான நிலையத்தில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். விலையைக் கணிக்கும் இணையக் கருவிகள் வந்தன. கடிகாரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினார்கள். ஓய்வெடுக்கப் போன இடத்தில் பங்குச் சந்தை நடந்தது.

நாற்பது பேரின் மாலை நேரம்

இதுவரைக்கும் சொன்னவை தனியாக ஆடுகிற ஆட்டங்கள். என் தோட்டம், என் இஷ்டம். கூட்டாக ஆடும்போது இந்தச் சுதந்திரம் அவ்வளவு எளிது இல்லை.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் தொடங்கியது. அதில் நாற்பது பேர் சேர்ந்து இறங்க வேண்டிய ‘மோல்டன் கோர்’ என்ற எரிமலைக் குகை இருந்தது. அதன் தலைவன் ரக்னராஸை முதல் அணி வீழ்த்தவே அடுத்த வருடம் ஏப்ரல் ஆனது. ஐந்து மாதம். 2019 ஆகஸ்டில் பிளிஸ்ஸார்டு அதே பழைய ஆட்டத்தை, பழைய வடிவத்திலேயே ‘கிளாசிக்’ என்று மறுபடி திறந்தது. அந்தப் பழைய ஆட்டத்துக்கு ஏங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ரக்னராஸ் விழுந்துவிட்டான்.

அதே ஆட்டம்தான். மாறியது ஆட்கள். பதினைந்து வருடத்தில் எல்லா எண்களும் தெரிந்துவிட்டன. ஒவ்வொருவரும் வினாடிக்கு எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும் மீட்டர், சண்டை முடிந்ததும் அதை அலசிப்போடும் தளம் எல்லாம் வந்துவிட்டன. பழைய நாட்களைத் தேடி வந்தவரிடம், உன் பழைய மதிப்பெண்ணைக் காட்டு, அப்புறம் அணியில் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம் என்றார்கள்.

இதைக் கேட்டதும் அந்த அணித் தலைவர்கள் மேல் கோபம் வரும். எனக்கு அவ்வளவாக வரவில்லை. நாற்பது பேர் வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, ஒரு மாலையை ஒதுக்கிக்கொண்டு வந்திருக்கும்போது, நடுவில் ஒருவர் மட்டும் ‘நான் ஜாலிக்கு ஆடுகிறேன்’ என்று மூலிகை பறிக்கப் போனால் அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. நம் ஊரில் பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று பேர் ரேங்க் புஷ் பண்ணிக்கொண்டிருக்கையில், நாலாவது ஆள் தனியாகப் போச்சின்கி என்ற ஊரில் குதித்து முதல் நிமிடத்திலேயே செத்தால் மைக்கில் வருகிற வசவுகளை அச்சில் போட முடியாது. அதே நாலு பேர், இன்றைக்கு ரேங்க் கிடக்கட்டும் என்று பேசிவைத்துக்கொண்டு, துப்பாக்கியே எடுக்காமல் வெறும் வறுக்கும் சட்டியோடு வரைபடத்தைச் சுற்றினால் விடியும் வரை சிரிப்பார்கள். முன்கூட்டியே பேசிக்கொண்டார்களா என்பதுதான் வித்தியாசம்.

கணக்குப் போட்டு ஆடுகிறவர்களை நான் மட்டம் தட்டுவதாகவும் நினைக்க வேண்டாம். 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தை 4 நிமிடம் 55 வினாடிக்குள் முடிக்க முடியும் என்று 2021-ல் ஒருவர் நிரூபித்தார். இந்த வேக ஓட்டக்காரர்கள், வினாடியில் 60-ல் ஒரு பங்கு நேரத்தைச் சேமிக்க வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். சுவரின் எந்தப் புள்ளியில் மோதினால் மாரியோ உள்ளே நுழைந்து போவான் என்று தேடுகிறார்கள். இதற்கு மேல் உச்சகட்ட உத்தி உலகத்தில் இல்லை. இதற்கு மேல் குழந்தைத்தனமான குதூகலமும் இல்லை. ஸ்டார்டியூ வேலியில் ஸ்ட்ராபெர்ரிக் கணக்கை முதன்முதலில் போட்டு, அது வேலை செய்வதைப் பார்த்தவருக்கும் அந்த இரவு தூக்கம் வந்திருக்காது. அவர் ஆடியது ஆட்டம்தான். அந்த விடையைத் தரவிறக்கி, பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கும் ஆயிரமாவது ஆளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அவருடைய பண்ணையில் அவர் கூலிக்காரர். புதிரைப் போட்டவர் அனுபவித்தார், விடுவித்தவரும் அனுபவித்தார், விடையை மட்டும் வாங்கியவர் பாவம்.

தங்கச் சாணி

விடையை மட்டும் வாங்கியவர் ஏன் அப்படி ஆடுகிறார்? பாதிப் பழி விளையாட்டு நிறுவனங்கள் மேல்.

உளவியலாளர் மார்க் லெப்பரும் இரண்டு சகாக்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் நர்சரி பள்ளியில் செய்த ஒரு சோதனையை 1973-ல் வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் போடுவதில் தானாகவே ஆர்வம் கொண்ட குழந்தைகள். ஒரு பிரிவிடம், படம் போட்டால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் போட்டார்கள், வாங்கினார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் எதுவும் இல்லாமல் அதே பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிரிவு படம் போட்ட நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆசைக்குச் செய்ததைச் சான்றிதழுக்குச் செய்ததாக அவர்கள் மனசு மாற்றி எழுதிக்கொண்டுவிட்டது.

விளையாட்டு நிறுவனங்களும் இதே வழியில் போயின. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360, எல்லா ஆட்டங்களிலும் சாதனைப் புள்ளிகளைக் கட்டாயமாக்கியது. 2008-ல் பிளேஸ்டேஷன் கோப்பைகளைக் கொண்டுவந்தது. இப்போது செல்போனில் தினசரிப் பணி, வாரப் பணி, தொடர்ந்து ஏழு நாள் உள்ளே வந்தால் பெட்டி, சீசன் முடிவதற்குள் நிரப்ப வேண்டிய ராயல் பாஸ். ராத்திரி பதினொன்றரைக்கு, ‘இன்னும் ரெண்டு டாஸ்க் இருக்கு’ என்று எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து விளையாட்டு மோகம் என்று பெற்றோர் திட்டுகிறார்கள். அவன் அந்த நேரத்தில் விளையாடவில்லை. ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்த ஆட்டம் ஒன்று உண்டு. 2017-ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு’. கியோட்டோவுக்கு அருகே இருக்கும் சோனோபே என்ற ஊரின் காடுகளிலும் குகைகளிலும் சிறுவயதில் சுற்றித் திரிந்த ஷிகெரு மியாமோட்டோ, அந்த நினைவிலிருந்து தொடங்கிய வரிசை அது. இந்த ஆட்டத்தில் ஆரம்பப் பயிற்சி முடிந்ததும் நேராகப் போய்க் கடைசி வில்லனோடு மோதலாம். போகாமல் மலை ஏறிக்கொண்டும் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். உலகம் முழுக்க 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. ஒற்றையாக நிற்கும் கல்லைத் தூக்கினால் ஒன்று, மரத்தின் உச்சியில் ஒன்று. பையைப் பெரிதாக்குவதற்கு அவை உதவும். பை அதன் முழு அளவுக்கு வளர 441 விதைகள் போதும்.

அப்படியானால் மிச்சமிருக்கும் 459? எந்தத் திசையில் அலைந்தாலும் யாருக்கும் ஏதாவது அகப்பட வேண்டும் என்பதால் அவ்வளவு தாராளமாக இறைத்திருக்கிறார்கள். ஆனாலும் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 900-ஐயும் பொறுக்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஹெஸ்டு என்ற மர உருவம் ஒரு பரிசு தரும். தங்க நிறத்தில் மின்னும், சுருள் சுருளாக இருக்கும். சாணி. அதை வைத்துக்கொண்டு அந்த மரத்தை நடனம் ஆடச் சொல்லலாம், வேறு ஒரு பயனும் இல்லை.

சிலர் கோபப்பட்டார்கள். பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாஷிங்டனில் ஒரு அணில்

பிடித்ததை ஆடுகிறவன் எப்போதும் தோற்கத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. 2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் போக்கிமான் உலக சாம்பியன் போட்டி நடந்தது. நூற்றுக்கணக்கான போக்கிமான்களில் எது போட்டிக்குத் தகுதி, எது தேறாது என்று ரசிகர்கள் தரப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். வருகிற அணிகளெல்லாம் ஒன்றின் நகல் இன்னொன்றாக இருக்கும். தென்கொரியாவின் பார்க் செஜுன், அந்த மேடைக்குப் பச்சிரிசுவைக் கொண்டுவந்தார். வெள்ளையும் நீலமுமாக, கன்னத்தில் மஞ்சள் பொட்டு வைத்த மின்சார அணில். அழகாக இருக்கும், அவ்வளவுதான் என்று எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்தது.

அவர் அதை விளையாட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவர் அணியில் க்யாரடோஸ் என்ற பெரிய நீர்ப்பாம்பு இருந்தது. மின்சாரம் பட்டால் சுருண்டுவிடும். பச்சிரிசுவுக்கு எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை தெரியும். மின்சாரத்தை விழுங்கித் தெம்பாக்கிக்கொள்ளும் உடம்பும் உண்டு. பாம்புக்கு வந்த இடியையெல்லாம் அணில் நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டது. இறுதிப் போட்டியில் அது அடி தாங்கித் தாங்கி நின்றபோது அரங்கமே ஆர்ப்பரித்த காணொளி இன்றும் கிடைக்கிறது. பார்க் செஜுன் உலக சாம்பியன் ஆனார். யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் போய்த் தேடியவருக்குக் கிடைத்தது அது. பட்டியலைப் பார்த்து அணி கட்டியவருக்கு அந்த அணில் கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லவேண்டியதில்லை. போட்டி முடிந்த கையோடு இணையத்தில் ஆளாளுக்குப் பச்சிரிசுவோடு இறங்கினார்கள். அதே நான்கு வித்தைகள், அதே பழம், அதே பயிற்சிக் கணக்கு. போக்கிமான் நிறுவனமே செஜுனின் அணிலைப் போன்ற பச்சிரிசுவைப் பிறகு ரசிகர்களுக்கு வழங்கியது. அதை வாங்கி ஆடிப் பார்த்துத் தோற்றவர்கள், பச்சிரிசு அப்படியொன்றும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு பழைய பட்டியலுக்கே திரும்பிப் போனார்கள்.